பேட்டையில் ஓர் இரவும் ஒரு வேளை உணவும்

வேற்றூரில் வந்து இறங்கும் ஒருவர், அவ்வூரை ஆண்ட மன்னர் யார் என்று முதலில் வினவுவதில்லை. இன்றிரவு எங்கே தங்குவது, அடுத்த வேளை எங்கே உண்பது என்னும் இரண்டையுமே வினவுவார். வணிகர், யாத்திரிகர், வேலை தேடி வந்தவர், மாற்றல் ஆணையோடும் ஒரு பெட்டியோடும் வந்து சேர்ந்த ஆசிரியர் என யாராயினும் இதில் வேறுபாடு இல்லை. பழைய நகரம் ஒன்று இவ்விரு வினாக்களுக்கும் காலந்தோறும் என்ன விடை தந்தது என்று ஆராய்ந்தால், அந்நகரம் அயலாரை எவ்வாறு நடத்தியது என்பது விளங்கும். அடுகோடியில் வாழும் நமக்கு அத்தகைய பழைய நகரம் தொலைவில் இல்லை.

வில்சன் தோட்டத்தையும் லால்பாக் பூங்காவையும் கடந்து, கே.ஆர். மார்க்கெட் வரை செல்லும் பேருந்தில் ஏறுங்கள். நெரிசல் இல்லையெனில் அரைமணி நேரத்தில் இறங்கிவிடலாம். நெரிசல் இல்லாத நாள் அரிது என்பது உங்களுக்குத் தெரியும். மார்க்கெட்டுக்கு வடக்கே விரியும் குறுகிய தெருக்களின் கூட்டமே பழைய பெங்களூர். கன்னடத்தில் அதனைப் 'பேட்டெ' என்பர், தமிழில் பேட்டை. வணிகம் நிகழும் ஊர்ப்பகுதியைக் குறிக்கும் இச்சொல் சைதாப்பேட்டை, ராணிப்பேட்டை, ஜோலார்பேட்டை என நம் ஊர்ப்பெயர்களிலும் உள்ளது.

எலகங்கா நாட்டுத் தலைவராகிய கெம்பே கௌடர் 1537 ஆம் ஆண்டு இங்கு மண்கோட்டை ஒன்றை எழுப்பி இந்நகரை அமைத்தார். தொட்டபேட்டைத் தெருவும் சிக்கபேட்டைத் தெருவும் சந்திக்கும் இடத்திலிருந்து நான்கு திசைகளிலும் ஏர் பூட்டிய எருதுகளை ஓட்டச் செய்து, அவ்வுழவுச் சால்களையே தெருக்களாக வகுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தொட்டபேட்டைத் தெரு இன்று அவென்யூ சாலை எனப்படுகிறது. பழைய பாடநூல்களைக் குறைந்த விலைக்கு வாங்க உங்களுள் சிலர் அங்குச் சென்றிருப்பீர்கள்.

பேட்டையின் தெருப்பெயர்களே அங்கு விற்கப்பட்ட பொருள்களைச் சொல்லிவிடும். அக்கிபேட்டையில் அரிசி, ராகிபேட்டையில் கேழ்வரகு, அரளேபேட்டையில் பஞ்சு, கும்பாரபேட்டையில் குயவர். பளேபேட்டை என்பது வளையல் பேட்டை. கன்னடத்தில் 'பளெ' என்பதும் தமிழில் 'வளை' என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். தமிழில் சொல்லின் முதலில் வரும் வகரம், கன்னடத்தில் பல இடங்களில் அழுத்தி ஒலிக்கும் பகரமாகிறது. வில் 'பில்லு' ஆகும். வேர் 'பேரு' ஆகும். அதுபோலவே நம் பகரம் அங்கு ஹகரமாகும். பால் 'ஹாலு', பத்து 'ஹத்து', பல் 'ஹல்லு'. இந்த இரண்டாவது விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உணவைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

இத்தெருக்களுள் ஒன்று திகளர்பேட்டை. தோட்டத்தொழிலில் தேர்ந்த திகளர்களைத் தமிழ் நிலத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் எனப் பலரும் கூறுவர். அங்குள்ள தர்மராயர் கோயிலிலிருந்து சித்திரை முழுநிலவு நாளன்று கரகம் புறப்படுகிறது. இரவு முழுவதும் அது தெருத்தெருவாகச் செல்லும். காட்டன்பேட்டையில் உள்ள தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று செல்லும். அன்றைய இரவு வரும் அயலூரார் தங்குமிடம் தேட வேண்டியதில்லை. பேட்டையே உறங்குவதில்லை.

மற்ற இரவுகளில் என்ன செய்தார்கள்? வாடகைக்கு அறை தரும் விடுதிகள் இல்லாத காலத்தில் உறவினர் வீடும் ஊரார் வீடும் முதல் புகலிடம். அவை இல்லாதவருக்குக் கோயில் மண்டபம், ஊர்ச் சாவடி, சத்திரம். இவற்றுள் சத்திரம் என்பதைச் சற்று விரிவாக அறிய வேண்டும். வழிப்போக்கர் விலையின்றித் தங்குவதற்கும் உண்பதற்கும் அரசரோ செல்வரோ கட்டி, அதன் செலவுக்கு நிலமும் பொருளும் எழுதிவைத்த அறநிலையம் சத்திரம். கன்னடத்தில் 'சத்ர' என்பர். திண்ணை, முற்றம், கிணறு, பெரிய சமையற்கூடம் ஆகியவை அதன் உறுப்புகள். இன்று பெங்களூரில் 'சத்ர' என்றால் பெரும்பாலும் திருமண மண்டபத்தையே நினைக்கின்றனர். நம் ஊர்களிலும் 'கல்யாணச் சத்திரம்' என்கிறோம். கட்டடம் நின்றுவிட்டது, சொல்லின் பொருள் இடம் பெயர்ந்துவிட்டது.

பசித்து வரும் வழிப்போக்கனைப் பற்றிய கவலை தமிழில் மிகப் பழையது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் வரலாறு வருகிறது. மதுரையில் சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கி, வீடுதோறும் இரந்து பெற்ற உணவை ஆதரவற்றோர்க்குப் பகிர்ந்தளித்து எஞ்சியதை உண்டு வாழ்ந்தவன் அவன். மழை பெய்யும் ஒரு நள்ளிரவில் வழிநடைப் பயணிகள் சிலர் வந்து, உறங்கிக்கொண்டிருந்த அவனை எழுப்பிப் பசிக்கிறது என்றனர். கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை. அவன் கலங்கி நின்றபோதுதான் சிந்தாதேவி அவன்முன் தோன்றி அமுதசுரபி என்னும் அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைத் தந்தாள். அப்பாத்திரத்தின் பெயர் எல்லார்க்கும் தெரியும். ஆனால் அது தோன்றிய சூழலைப் பலர் மறந்துவிடுகின்றனர். நேரங்கெட்ட நேரத்தில், முன்பின் அறியாதவர்கள், முன்னறிவிப்பின்றி வந்து கேட்டனர். தங்குமிடத்தையும் உணவையும் பற்றிய சிக்கல் முழுவதும் அந்த ஒரு காட்சியில் அடங்கியுள்ளது.

அச்சிக்கலைத் தெய்வத்தின் துணையின்றித் தீர்க்க முயன்றோருள் தஞ்சை மராட்டிய மன்னர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் அவர்கள் சத்திரங்களைக் கட்டினர். 1799 இல் தஞ்சை ஆட்சி ஆங்கிலக் கும்பினியாரிடம் சென்றது. அப்போது, சத்திரங்களையாவது என் பொறுப்பில் விட்டுவிடுங்கள் என்று கேட்டு மன்னர் இரண்டாம் சரபோஜி 1801 இல் ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்ன நடைபெறுகிறது என்பதை அக்கடிதம் விளக்குகிறது. எல்லாச் சாதியினரும், எல்லாவகைத் துறவியரும், யாத்திரிகரும் வரலாம். சமைத்த உணவு வேண்டியவர்க்குச் சோறு. வேண்டாதவர்க்கு அரிசியும் பிற பொருள்களும் அளந்து தரப்படும். உணவு வழங்குவது நள்ளிரவு வரை தொடரும். பிறகு மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் யாரேனும் இருந்தால் வருக என்று கூவி அழைப்பர். நோயுற்றோர்க்கு மருத்துவரும் மருந்தும், குழந்தைகளுக்குப் பாலும், கருவுற்ற மகளிர்க்குப் பேறுகால உதவியும் உண்டு. சத்திரத்தில் இறந்தவர்க்கு அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கும் செய்வர்.

நள்ளிரவு மணியைக் கவனியுங்கள். வருபவர்க்குக் கொடுப்பது ஒருவகை. வராதவரை அழைப்பது வேறு வகை. ஆட்சியை இழந்த ஒரு மன்னர் அம்மணியின் ஓசை நின்றுவிடக் கூடாது என்று கேட்டு எழுதிய கடிதம் அது என்பதை எண்ணும்போது, அரசியல் ஆவணம் என்பதையும் மறந்து அதனைப் படிக்கத் தோன்றுகிறது.

இனிப் பெங்களூருக்குத் திரும்புவோம். 1864 இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மென்ட் வரை ரயில் பாதை அமைந்தது. வடதமிழகத்து ஊர்களிலிருந்து இங்கு வருவது எளிதாயிற்று. பின்னர்ப் பேட்டையின் மேற்கு ஓரத்தில் நகர ரயில் நிலையமும் ஏற்பட்டது. அதற்கு இன்று கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ரயில் வந்தபின், வழிநெடுகச் சத்திரம் தேவையில்லை. நிலையத்தின் வாசலிலேயே தேவைப்பட்டது. தும்கூர் மாவட்டத்துக் குப்பியைச் சேர்ந்த வணிகர் ராவ் பகதூர் குப்பி தோட்டதப்பர், நகர ரயில் நிலையத்திற்கு அருகில் பயணிகளுக்குத் தர்மசத்திரமும் மாணவர்களுக்கு விடுதியும் ஏற்படுத்தினார், ஆண்டு 1903. வெளியூரிலிருந்து வருபவனுக்குக் கல்வி கற்கவும் ஒரு கூரை வேண்டும் என்று அவர் உணர்ந்தது சிறப்பு. சென்னை சென்ட்ரல் நிலையத்தின் எதிரே ராமசாமி முதலியார் சத்திரம் இவ்வாறே எழுந்தது. மதுரையில் மட்டும் கதை தலைகீழ். ரயில் நிலையத்தின் எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம், 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கியது. ரயில்தான் பின்னர் அதன் அருகே வந்து சேர்ந்தது.

சத்திரங்களைப் புகழ்ந்ததோடு நிறுத்திவிட்டால் உண்மையில் பாதியைச் சொன்னதாகவே ஆகும். உணவு எல்லார்க்கும் கிடைத்த சத்திரங்களிலும் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்ததில்லை. ஒரு சாதியினர்க்கு மட்டுமே உரிய சத்திரங்களும் பலவாக இருந்தன. யார் சமைத்தது, யார் அருகில் அமர்வது என்பவை பசியைவிடப் பெரிய வினாக்களாக எண்ணப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசு கொடுத்து உண்ணும் இடங்கள் தென்னாட்டு நகரங்களில் பெருகின. அவற்றைக் 'காபி கிளப்' என்றனர், 'ஹோட்டல்' என்றனர். ஆங்கிலத்தில் ஹோட்டல் என்பது தங்கும் விடுதி. தமிழிலும் கன்னடத்திலும் அச்சொல் உண்ணும் இடத்தையே பெரிதும் குறிக்கிறது. "ஹோட்டலுக்குப் போகலாமா?" என்று உங்கள் வீட்டில் கேட்டால், யாரும் படுக்கையை எடுத்துக்கொள்வதில்லை. தங்கும் இடத்திற்கு 'லாட்ஜ்' என்னும் வேறு சொல் வந்தது. ஒரே வாசலில் உறைவிடமும் உணவும் தந்த சத்திரம் இவ்வாறு இரண்டாகப் பிரிந்தது.

பெங்களூர் உணவகங்களுள் நாடறிந்தது எம்.டி.ஆர். உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924 இல் அதனைத் தொடங்கினர். மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்பதன் சுருக்கம் இப்பெயர். லால்பாக் அருகே, நீங்கள் பேட்டைக்குச் செல்லும் வழியிலேயே உள்ளது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. தென்னாட்டில் அரிசிக்குப் பெருந்தட்டுப்பாடு. அப்போது அரிசிக்கு மாற்றாக ரவையைக் கொண்டு இட்டிலி செய்து பார்த்ததே ரவா இட்டிலியின் தொடக்கம் என அவ்வுணவகத்தார் கூறுவர். எங்கோ நிகழ்ந்த போர், மாவள்ளியில் ஒரு தட்டின் மேல் வந்து அமர்ந்தது. 1943 இல் பசவனகுடியில் தொடங்கிய வித்யார்த்தி பவன் இன்றும் தோசைக்குப் பெயர்பெற்றது. அப்பெயருக்கு மாணவர் இல்லம் என்பது பொருள். அருகிலிருந்த கல்வி நிலையங்களின் மாணவர்களே அதன் முதல் வாடிக்கையாளர்.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். எம்.டி.ஆர். தொடங்கியபோது அதன் பெயர் 'பிராமின் காபி கிளப்'. அக்காலத்தில் அத்தகைய பெயர்கள் எங்கும் இயல்பாக வழங்கின. சாதியின் பெயரைத் தாங்கிய பலகைகள் சென்னையிலும் பிற ஊர்களிலும் தொங்கின. ரயில் நிலைய உணவுச்சாலைகளில்கூடப் பிராமணர்க்கும் மற்றையோர்க்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. தாழ்த்தப்பட்டோர் பல உணவகங்களில் நுழையவே இயலாது. கையில் காசு இருந்தும், கடையில் உணவு இருந்தும், உண்ண இயலாத நிலை. பசி ஒன்றே ஆனாலும் வாசல் ஒன்றாக இல்லை.

இந்நிலையை மாற்றப் பலர் பல ஆண்டுகள் போராடினர். அதன் பயனாக 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு விதி இடம்பெற்றது. அதன் 15 ஆம் பிரிவைச் சமூக அறிவியல் நூலில் படித்திருப்பீர்கள். கடை, பொது உணவகம், தங்கும் விடுதி ஆகியவற்றில் எவரையும் சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டித் தடுக்கக் கூடாது என்று அது கூறுகிறது. 'பிறந்த இடம்' என்னும் தொடரின் கீழ்க் கோடிட்டுக்கொள்ளுங்கள். திருப்பத்தூரிலோ தருமபுரியிலோ பிறந்து பெங்களூரில் தோசை கேட்பவரையும் அச்சட்டம் நினைவில் வைத்திருந்தது. 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனை மீறுவோர்க்குத் தண்டனை விதிக்கும் சட்டம் 1955 இல் வந்தது.

இன்று பேட்டைக்குச் செல்பவர் எங்கே உண்ணலாம்? பளேபேட்டையில் பழைய உடுப்பி உணவகமாகிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ண பவன் உள்ளது. இறைச்சி உண்பவர்க்குக் காட்டன்பேட்டை, சிக்கபேட்டைப் பகுதிகளில் 'மிலிட்டரி ஹோட்டல்'கள் உள்ளன. படைவீரர்க்கு மட்டும் என்று அஞ்ச வேண்டாம். புலால் உணவகத்திற்குத் தென்னாட்டில் வழங்கும் பெயர் அது. அங்கே கிடைக்கும் 'ராகி முத்தெ' நம் கேழ்வரகுக் களியே. அவசரக்காரர்க்குத் தர்சினிகள் உண்டு. 1980களில் பெங்களூரில் பரவிய இவ்வுணவகங்களில் இருக்கை இல்லை. முன்பணம் செலுத்திச் சீட்டு வாங்கி, உயரமான மேசையருகே நின்றபடியே உண்ண வேண்டும். விலை குறையும், நேரம் மிஞ்சும் என்பதற்காகவே இவ்வேற்பாடு. ஆயினும் இதன் வேறொரு பயனை நான் பெரிதாக எண்ணுகிறேன். இருக்கை இல்லாத இடத்தில் முதல் வரிசை, கடைசி வரிசை என்பது இல்லை. அலுவலரும் சுமைதூக்குபவரும் ஒரே மேசையில் சட்னிக் கிண்ணத்தை வைத்துக்கொள்கின்றனர்.

குளிர்காலத்தில் சென்றால், மார்க்கெட்டுக்குத் தெற்கே விசுவேசுவரபுரத்தின் தின்பண்டத் தெருவுக்கும் செல்லுங்கள். மார்கழி, தை மாதங்களில் அங்கு எல்லாம் அவரைமயம். 'அவரெகாயி' என்று கன்னடர் சொல்வதை நாம் மொச்சை என்போம். ஊறவைத்த கொட்டையைத் தோல் நீங்கப் பிதுக்கி எடுத்த பருப்பிற்கு 'ஹிதுகித பேளெ' என்று பெயர். இப்போது முன்னர்ச் சொன்ன விதியை நினைவுகூருங்கள். ஹகரத்தை எடுத்துவிட்டுப் பகரத்தை வையுங்கள். வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் பாட்டிமார் செய்யும் பிதுக்குப் பருப்பு அதுவேதான். எல்லையின் இருபுறமும் ஒரே குளிரில், ஒரே பருப்பைப் பிதுக்கிக்கொண்டிருந்திருக்கின்றனர்.

தங்குவதற்குப் பேட்டைக்குள் இடம் குறைவு. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தை ஒட்டிய காந்திநகர், காட்டன்பேட்டைத் தெருக்களில் லாட்ஜுகள் நெருக்கமாக உள்ளன. ஊரிலிருந்து உறவினர் எவரேனும் வந்து உங்களிடம் வழி கேட்டால், மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். அடையாள அட்டை இன்றி அறை தரமாட்டார்கள். பணம் கொடுக்குமுன் அறையைப் பார்த்துவிட வேண்டும். வெந்நீர் பல இடங்களில் காலையில் சில மணி நேரமே வரும். அதிகாலைக் குளிரில் மூன்றாவது செய்தியே முதன்மையானது என்று அவர்களே வந்து சொல்வார்கள்.

காசே இல்லாதவர்க்கு இன்று என்ன விடை? தமிழ்நாட்டில் 2013 இல் அம்மா உணவகம் சென்னையில் தொடங்கியது. ஓர் இட்டிலி ஒரு ரூபாய். அதனை ஒட்டிக் கர்நாடக அரசு 2017 ஆகஸ்டில் பெங்களூரில் இந்திரா கேண்டீனைத் திறந்தது. காலை உணவு ஐந்து ரூபாய், மதிய உணவு பத்து ரூபாய் எனத் தொடங்கிற்று. சாதியும் ஊரும் அங்குக் கேட்கப்படுவதில்லை. சத்திரத்தின் பாதி இவ்வாறு மீண்டு வந்துள்ளது என்று கூறலாம். மற்றொரு பாதியாகிய இரவுத் தங்கல் இன்னும் கடினமே. வீடற்றோர்க்கு நகரில் இரவுக் காப்பகங்கள் உள்ளன. ஆனால் மார்க்கெட் மேம்பாலத்தின் கீழ் உறங்குவோரை நீங்களே கண்டிருப்பீர்கள்.

லாட்ஜில் சில நாள் தங்கலாம். வேலை கிடைத்தவர் வாழ வேண்டும். 1950களில் அடுகோடியில் மைக்கோ தொழிற்சாலை எழுந்தது. அத்தகைய ஆலைகளும் கட்டட வேலைகளும் அழைத்தவர்களுள் தமிழர் பலர். நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் அறை எடுப்பர். உணவுக்கு மாதக் கணக்கில் ஒரு மெஸ். பின்னர்க் குடும்பம் வந்தபோது வரிசை வீடுகளில் குடியேறினர். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல சிறு வீடுகள் அமைந்த இவ்வகைக் குடியிருப்பைக் கன்னடத்தில் 'வடார' என்பர், தமிழில் ஒண்டுக்குடித்தனம். ஒரு குழாயில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் வரிசையில் நின்றன. உங்களுள் பலர் நான்கு மொழி பேசுவதற்கு அந்தக் குழாயடியே முதல் பள்ளி.

மேலே கூறிய 15 ஆம் பிரிவின் அவ்விதி கடையையும் உணவகத்தையும் விடுதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எந்த ஊர், என்ன மொழி, வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று வீடு தேடுவோரிடம் இன்றும் கேட்கப்படுகிறது. உங்கள் பெற்றோரும் அவ்வினாக்களுக்கு விடை சொல்லியிருக்கக்கூடும். அவற்றைக் கேட்பவர் எல்லா ஊரிலும் எல்லா மொழியிலும் உள்ளனர். சென்னையில் வீடு தேடும் வடநாட்டாரைக் கேட்டால் தெரியும்.

செயல்பாடு: உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் இவ்வூருக்கு வந்த முதல் இரவு எங்கே தங்கினார், முதல் வேளை எங்கே, எதை உண்டார், அதற்கு யார் காசு கொடுத்தார் என்று கேட்டு அறிந்து, பதினைந்து வரிகளில் எழுதி வருக. தெருப்பெயர், கடைப்பெயர் ஆகியவற்றை அவர் சொல்லும் ஒலியிலேயே எழுதுக, திருத்த வேண்டாம்.